கரிமக் கணக்கும் கழனிக் கணக்கும்



பொருநை என்றும் தாமிரபரணி என்றும் பெயர் பெற்ற நம் ஆறு, பொதிகை மலையில் தோன்றிப் பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்குகின்றது. அங்கிருந்து புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கும் வரையில் எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரை மறித்துக் கால்வாய்களில் திருப்பிவிடுகின்றன. அவற்றுள் ஏழு பழங்காலத்தவை. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஏறத்தாழ 86,000 ஏக்கர் நஞ்சை நிலம் இந்த ஆற்றை நம்பி வாழ்கின்றது. கார், பிசானம் என்னும் இரு போகங்களின் பெயர் இப்பள்ளத்தாக்கில் குழந்தைக்கும் தெரியும்.

இவ்வயல்களிலிருந்து நெல்லையும் வைக்கோலையும் தவிர மூன்றாவதாக ஒரு விளைபொருளும் கிடைக்கும் என்று இக்காலத்தே சிலர் சொல்லுகின்றனர். அதன் பெயர் கார்பன் வரவு. காற்றில் சேரும் வெப்பமூட்டும் வாயுக்களை ஓர் உழவர் தம் வேளாண் முறையை மாற்றிக் குறைத்தால், குறைந்த அளவை டன் கணக்கில் எழுதி, தொழிற்சாலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் விற்கலாம் என்பது இதன் கருத்து. இத்தகைய வேளாண்மையைக் கார்பன் பண்ணையம் என்பர். இந்திய அரசு 2023-ஆம் ஆண்டில் கார்பன் வரவு வணிகத் திட்டத்தை அறிவித்தது. 2024 ஜனவரியில் மைய வேளாண் அமைச்சகம், உழவர்கள் இவ்வணிகத்தில் தாமே விரும்பிச் சேர்வதற்குரிய நெறிமுறைகளை வெளியிட்டது.

ஆகவே நாளை உங்கள் வீட்டு வாயிலுக்கு ஒருவர் ஒப்பந்தத் தாளோடு வரக்கூடும். வீட்டிலே அத்தாளைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள். அத்திட்டம் நம் மண்ணில் நடக்கக்கூடியதா என்று எவ்வாறு ஆராய்வது? புகழ்வதும் இகழ்வதும் எளிய செயல்கள். கேள்விகளை வரிசையாகக் கேட்டுக் கணக்கிட்டுப் பார்ப்பதே கல்வி கற்றோர் செய்யத்தக்கது. ஐந்து கேள்விகளை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதற்கேள்வி: விற்கப்படும் பொருள் யாது?

வயலில் கரிமக் கணக்கு இருவகையாக எழும். ஒன்று, மண்ணில் கரிமத்தைச் சேர்த்து வைப்பது. மற்றொன்று, வயலிலிருந்து எழும் மீத்தேன் வாயுவைக் குறைப்பது.

மண்ணில் சேர்ப்பதை முதலிற் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தின் மேல்மண், 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, ஏறத்தாழ 800 டன் எடையுள்ளது. அதில் கரிமத்தின் அளவு நூற்றுக்கு 0.1 பங்கு உயர்ந்தால், 0.8 டன் கரிமம் கூடுகின்றது. கரியமில வாயுவாகக் கணக்கிட அதை 3.67-ஆல் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 2.9 டன் வரும். கேட்பதற்கு நல்ல அளவுதான். ஆயினும் அந்த 0.1 பங்கு உயர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். நம் வெப்பத்தில் மட்கும் பொருள் விரைவில் சிதைந்து மீண்டும் காற்றிற் கலக்கின்றது. ஒரே வயலில் ஒரு மூலைக்கும் மறுமூலைக்கும் இருக்கும் வேறுபாடே 0.1 பங்கிற்கு மேல் இருப்பதுண்டு. எனவே உண்மையில் உயர்ந்ததா என்று அறியப் பல இடங்களில் மண் எடுத்துச் சோதிக்க வேண்டும். அச்செலவு வரவை விழுங்கிவிடும்.

நஞ்சைக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அறுவடைக்குப் பின் வைக்கோலை மடக்கி உழுது உடனே தண்ணீர் கட்டினால், அப்புதிய பொருள் காற்றில்லாச் சேற்றில் அழுகி மீத்தேனைப் பெருக்கும். நன்கு மட்கிய எரு அவ்வளவு பெருக்குவதில்லை. ஆகவே மண்ணில் கரிமத்தைச் சேர்க்கிறோம் என்று நினைத்து வேறொரு வாயுவை வளர்த்துவிடக் கூடாது. ஆதலின், நெல் விளையும் நம் பள்ளத்தாக்கிற்குப் பொருத்தமான கேள்வி மீத்தேனைப் பற்றியதே.

மீத்தேன் எவ்வாறு எழுகின்றது? தண்ணீர் தேங்கிய சேற்றில் உயிர்க்காற்று இராது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருளை உண்டு மீத்தேனை வெளியிடுகின்றன. நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகளே புகைபோக்கிபோல அதைப் பெரும்பகுதி மேலே கொண்டுவருகின்றன. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 27 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெப்பத்தை உண்டாக்கும்.

இதைக் குறைக்கும் வழி நம் உழவர்க்குப் புதிதன்று. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று அவர்கள் சொல்வது அதுவே. எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைக்காமல், சற்றுக் காயவிட்டுப் பின் பாய்ச்ச வேண்டும். சேறு மூச்சு விடும்போது மீத்தேனை உண்டாக்கும் உயிர்கள் ஒடுங்குகின்றன. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு ஓர் எளிய கருவி தந்துள்ளனர். பக்கத்தில் துளைகளிட்ட ஒரு குழாயை வயலில் புதைத்து, அதனுள் தண்ணீர் நிலமட்டத்திற்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மீண்டும் பாய்ச்ச வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் பருவமும் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். இவ்வளவில் நிறுத்தினால் விளைச்சல் குறைவதில்லை என்று பல நாடுகளில் கண்டுள்ளனர்.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு குறையும்?

பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2019-ஆம் ஆண்டில் தந்த கணக்குமுறையை எடுத்துக்கொள்வோம். தென்னாசியாவில் தண்ணீர் தொடர்ந்து நிற்கும் நெல்வயல் ஒரு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேனை வெளியிடும். பயிர்க்காலம் 112 நாள். பலமுறை காயவிட்டால் அது 0.55 பங்காகக் குறையும். சிலேட்டும் பலப்பமும் எடுத்துக்கொள்ளுங்கள். 0.85-ஐ 112-ஆல் பெருக்க 95 கிலோ. ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 38 கிலோ. அதில் நூற்றுக்கு 45 பங்கு குறைந்தால் 17 கிலோ. அதை 27-ஆல் பெருக்கினால் 459 கிலோ. அஃதாவது ஒரு போகத்திற்கு ஓர் ஏக்கரில் அரை டன்னுக்கும் சற்றுக் குறைவு.

இதிலும் ஒரு கழிவு உண்டு. தழைச்சத்து உரமிட்ட வயல் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயு சிறிது மிகும். அது கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு வெப்பமூட்டுவது. ஆகவே அதைக் கழித்து, 400 கிலோ மிஞ்சுகின்றது என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு ஆயிரம் ரூபாய் விலை என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின் ஓர் ஏக்கரின் மொத்த வரவு ஒரு போகத்திற்கு 400 ரூபாய். விலை மாறினால் இத்தொகையும் மாறும். ஆனால் அதன் அளவு எந்த எல்லைக்குள் நிற்கும் என்பதை இக்கணக்கு காட்டிவிடுகின்றது.

பத்தாயிரம் டன் உள்ள ஒரு திட்டம் வேண்டுமானால் 25,000 ஏக்கர் வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அஃதாவது 1.85 ஏக்கர். 25,000 ஏக்கருக்கு ஏறத்தாழ 13,500 உழவர்களைச் சேர்க்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவர் வயலிலும் குழாய் வேண்டும். எந்நாளில் காய்ந்தது, எந்நாளில் பாய்ந்தது என்ற குறிப்பேடு வேண்டும். அதைச் சரிபார்க்கும் வெளியார் வேண்டும். மொத்த வரவோ ஒரு கோடி ரூபாய். எழுதுவோர், அளப்போர், சரிபார்ப்போர், பதிவு செய்வோர் ஆகியோர்க்கு அதில் பாதி போனால், உழவர் கைக்கு வருவது ஏக்கருக்கு 200 ரூபாய்.

மூன்றாம் கேள்வி: திட்டம் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்குமா?

வாங்குபவர் பணம் தருவது புதிதாக உண்டான குறைவுக்கே. ஏற்கெனவே வழக்கத்திலுள்ள ஒன்றை எழுதிக்காட்டி விற்பது நேர்மையாகாது. இது வெறும் நுணுக்கமன்று. கார்பன் வரவைப் பதிவு செய்யும் வெர்ரா என்னும் அமைப்பு, 2023-ஆம் ஆண்டில் பழைய நெல்வயல் கணக்குமுறையை நிறுத்திவைத்தது; 2024 ஆகஸ்டில் சீன நாட்டின் 37 நெல்வயல் திட்டங்களைத் தள்ளுபடி செய்தது. ஏட்டிலே எழுதிய டன்கள் ஏட்டோடு நின்றுவிட்டன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அன்றோ?

நம் பள்ளத்தாக்கில் இக்கேள்வி கூர்மையானது. கார் பருவத்தில் தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து, பாபநாசம் அணையை நிரப்பினால்தான் கால்வாய்களில் தண்ணீர் வரும். சமவெளியில் அப்போது மழை அருகியிருக்கும். ஆகவே வயலைக் காயவிடுவதற்கு ஏற்ற பருவம் கார் பருவமே. ஆனால் அணை நிரம்பாத ஆண்டில் தண்ணீரை முறைவைத்தே விடுவர். வயல் அப்போது தானாகவே காயும். அந்தக் காய்ச்சல் தட்டுப்பாட்டின் விளைவு. அதைத் திட்டத்தின் பயனாக எழுத முடியாது.

பிசானத்தில் நிலைமை நேர்மாறானது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, எவ்வளவு முயன்றாலும் தாழ்ந்த வயல் காயாது. காயவிட்டதாகக் குறிப்பேட்டில் எழுதினால் அது பொய்க்கணக்கு. மழை ஓய்ந்த பின்னரே காய்ச்சலுக்கு இடமுண்டு. ஆகவே 112 நாளுக்கும் உரிய முழுக் குறைவை இரு போகத்திலும் எதிர்பார்ப்பது தவறு. ஏக்கருக்கு 400 கிலோ என்று நாம் கண்டது நல்ல ஆண்டின் கார் பருவத்திற்குரிய மேல்வரம்பு என்று கொள்ளுங்கள்.

நான்காம் கேள்வி: தண்ணீரின் சாவி யார் கையில்?

இதுவே என் கருத்தில் தலையாய கேள்வி. கிணற்றுப் பாசனத்தில் ஓர் உழவர் தாம் நினைத்த நாளில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். நம் கால்வாய்ப் பாசனம் அத்தகையதன்று. அணையைத் திறப்பதும் மதகைத் தூக்குவதும் அரசின் நீர்வளத் துறையின் கையில் இருக்கின்றன. கிளை வாய்க்காலிலிருந்து வரும் தண்ணீர் பல இடங்களில் மடை வழியே ஒரு வயலில் பாய்ந்து, அதைக் கடந்து அடுத்த வயலுக்குச் செல்கின்றது. மேல்வயல்காரர் தம் வயலைக் காயவிட விரும்பினாலும், கீழ்வயல்காரருக்குத் தண்ணீர் அவ்வழியேதான் போக வேண்டும். தனியொருவர் கையெழுத்திட்டு மட்டும் தம் வயலைக் காயவிட முடியாது.

மேலும் உழவர் தண்ணீரைத் தேக்கி வைப்பது அறியாமையால் அன்று. அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்னும் ஐயத்தாலேயே தேக்குகின்றார். பத்தாம் நாள் தண்ணீர் வந்தே தீரும் என்று உறுதி இருந்தால் அவர் அஞ்சாமல் காயவிடுவார். குழாயும் குறிப்பேடும் இந்த உறுதியைத் தர மாட்டா. மதகு திறக்கும் நாளை முன்கூட்டி அறிவித்து, அதன்படி திறப்பதே தரும். ஆகவே இத்திட்டத்தின் அலகு தனி உழவர் ஆகாது. ஒரு கால்வாய் முழுவதும் ஓர் அலகாதல் வேண்டும்.

அவ்வாறு செய்தால் மிச்சமாகும் தண்ணீர் எங்கே போகும்? கடைமடைக்குப் போகும். ஸ்ரீவைகுண்டத்திற்குக் கீழே தண்ணீருக்கு ஏங்கும் நிலங்கள் பயிராகும். மக்களுக்கு அது பெரும்பேறு. ஆனால் புதிதாக நெல் பயிராகும் அந்நிலங்களும் மீத்தேன் விடும். நேர்மையான கரிமக் கணக்கு அதையும் கழித்தே எழுதும். ஒரு திட்டம் கரிமக் கணக்கில் சிறியதாகவும் மக்கள் கணக்கில் பெரியதாகவும் இருக்கக்கூடும் என்பதை இங்கே மனத்திற் கொள்ளுங்கள்.

ஐந்தாம் கேள்வி: உழவருக்கு எஞ்சுவது யாது?

காயவிட்ட வயலில் களை மிகும். தேங்கிய தண்ணீர் செய்துவந்த வேலையை இனி ஆட்கள் செய்ய வேண்டும். களை பறிப்போர் பெண்களே ஆதலின், அவர்களுடைய கூலியும் உழைப்பும் கணக்கில் ஏற வேண்டும். ஏக்கருக்கு 200 ரூபாய் ஓர் ஆளின் ஒருநாள் கூலிக்கும் போதாது. குத்தகை நிலமானால் வரவு நிலத்துக்கு உரியவருக்கா, பயிரிடுபவருக்கா என்பதும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருத்தல் வேண்டும். காயவிடுபவர் ஒருவர், பணம் பெறுபவர் வேறொருவர் என்றால் திட்டம் முதலாண்டிலேயே முறிந்துவிடும்.

அவ்வாறாயின் இத்திட்டம் வீண்தானா? அவசரப்பட வேண்டா. இதே பள்ளத்தாக்கில் நடந்த ஒரு சோதனை நமக்கு வழிகாட்டுகின்றது. 2003-04-ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், இப்போது திருந்திய நெல் சாகுபடி என்று பெயர் பெற்றுள்ள முறையை, தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நூறு உழவர் வயல்களிலும், காவிரிப் பகுதியில் நூறு உழவர் வயல்களிலும் சோதித்தது. இளநாற்றை ஒற்றை ஒற்றையாகச் சதுர வரிசையில் நட்டு, உருளும் களைக்கருவியால் களையெடுத்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்விடுவது அம்முறை. ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் நெல் கூடுதலாக விளைந்தது.

ஒன்றரை டன் என்றால் ஏக்கருக்கு 600 கிலோ. 2025-26-ஆம் பருவத்திற்கு மைய அரசு சாதாரண நெல்லுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். 600 கிலோவுக்கு ஏறத்தாழ 14,200 ரூபாய் ஆகின்றது. சோதனை வயலில் கண்டது எல்லார் வயலிலும் கிட்டிவிடாது. நடவுக்குப் பயின்ற ஆட்களும் சமமான நிலமும் வேண்டும். சரி, பத்தில் ஒரு பங்கே கிட்டுகின்றது என்று கொள்வோம். அதுவும் 1,420 ரூபாய். கரிமத்தின் மொத்த வரவாகிய 400 ரூபாயைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்!

வேற்று நாட்டு அனுபவமும் இதற்கு மாறானதன்று. ஆப்பிரிக்காவில் மேற்குக் கென்யாவில் பல்லாயிரம் சிறு உழவர்கள் சேர்ந்து, உலக வங்கியின் துணையோடு, மண்ணில் கரிமம் சேர்க்கும் திட்டமொன்றை நடத்தினர். 2014 ஜனவரியில் அவர்களுக்குக் கிடைத்த முதல் வரவு 24,788 டன். அத்தனை பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்குச் சிறிதளவே தேறும். மூடாக்கும் எருவும் மரங்களும் அவர்கள் நிலத்தை வளப்படுத்தியதே அவர்களை அதில் நிறுத்தியது. கரிமப் பணம் அதன்மேல் வந்த சிறு தொகை.

இனி முடிவுக்கு வருவோம். கரிம விற்பனையை மட்டுமே நம்பிய திட்டம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் நிலைக்காது. தண்ணீரை ஒழுங்காக விடுவதையும் விளைச்சலைப் பெருக்குவதையும் முதலாகக் கொண்டு, கரிம வரவை மேல்வருவாயாகக் கொண்ட திட்டம் நடக்கக்கூடியதே. அதற்கும் நான்கு நிபந்தனைகள் உண்டு. திட்டம் ஒரு கால்வாயளவில் தொடங்க வேண்டும். மதகு திறக்கும் நாட்கள் முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். குறைந்தது இரண்டு கார் பருவங்களில், ஒன்றையும் மாற்றாமல், இப்போதுள்ள வழக்கம் என்ன என்று முதலில் அளந்துகொள்ள வேண்டும். பயிரிடுபவர் பெயரிலேயே வரவு எழுதப்பட வேண்டும்.

அளக்கும் வேலைக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்தில் 1937-ஆம் ஆண்டு முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகின்றது. அம்பை 16 என்று நம் உழவர்கள் உரிமையோடு அழைக்கும் நெல் அங்கிருந்து வந்ததே. அளக்கத் தெரிந்தோர் அருகில் இருக்கின்றனர்.

உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அரை மீட்டர் குழாயில் துளையிட்டு உங்கள் வயலில் ஊன்றுங்கள். ஒரு கார் பருவம் முழுவதும் நாள்தோறும் தண்ணீர் மட்டத்தை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எந்நாளில் மதகு திறந்தது, எந்நாளில் மழை பெய்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பருவ முடிவில் உங்கள் வயல் இப்போதே எத்தனை நாள் காய்கின்றது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அவ்வெண் தெரியாமல் செய்யும் ஒப்பந்தம் எடை போடாமல் நெல்லை விற்பதற்கு ஒப்பாகும். ஒப்பந்தத் தாளோடு ஒருவர் வரும்போது அந்த நோட்டை அவர் முன் விரித்து வையுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.